ஸோனியா பேபர்: புவியியல் டீச்சருக்கு ஹைட்டியில் என்ன வேலை?

ஆகஸ்ட் 9, காலை. ஒரு வாசகர் கேட்டது:

புவியியல் வரலாறு என்றால் கடல் தாண்டியவர்கள், மலை ஏறியவர்கள் கதைதான். பெண்கள் பக்கம் பார்த்தால் "முன்னோடி ஆசிரியை" என்று சில பெயர்கள் வருகின்றன. ஸோனியா பேபர் என்ற அமெரிக்கரைப் பற்றி ஒரு குறிப்பு படித்தேன். பாதி பள்ளிக்கூடம், மீதி ஓட்டுரிமை, சமாதானம், ஹைட்டி. பள்ளிக்கூடத்தில் பெரிதாக எதுவும் செய்யாததால்தான் பொதுவாழ்க்கைப் பக்கம் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. வகுப்பறையைத் தாண்டாத ஒரு டீச்சரின் வாழ்க்கையில் எழுத என்ன இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லலாம்.

ஆகஸ்ட் 9, இரவு

நான் அரசுப் பள்ளியில் புவியியல் எடுப்பவள். பேபரைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததை எல்லாம் படித்திருக்கிறேன், அதனால் பேசாமல் போக மனசு வரவில்லை. வகுப்பறை ஒரு பக்கம், ஹைட்டி ஒரு பக்கம் என்று நீங்கள் பிரிக்கிறீர்களே தம்பி, அங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை. அந்த அம்மா வகுப்பறையில் என்ன செய்தாரோ அதையேதான் ஹைட்டியிலும் செய்தார்.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1862ல் இல்லினாய் மாநிலத்தில் கான்சஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். முழுப்பெயர் மேரி அரிசோனா பேபர். சிகாகோவை ஒட்டி இருந்த குக் கவுண்ட்டி ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்து 1885ல் வெளியே வந்தார். 1890லிருந்து 1899 வரை அதே பள்ளியில் புவியியலுக்குத் தலைமை. 1901லிருந்து 1921 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தின் கல்வியியல் பிரிவில் இணைப் பேராசிரியர். நடுவில் 1898ல் சிகாகோ புவியியல் சங்கம் உருவாக முன்னின்றவர். 1956ல், 93 வயதில் காலமானார்.

இவை வெறும் தேதிகள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன், மாதத் தேர்வுத் தாள் கட்டு மேசையில் கிடக்கிறது.

ஆகஸ்ட் 10

சரி, வகுப்பறைக்கு வருவோம்.

பேபர் பிள்ளையாக இருந்த காலத்துப் புவியியல் புத்தகங்கள் பெரும்பாலும் கேள்வி பதில்தான். தீவு என்றால் என்ன, முனை என்றால் என்ன, இந்த நாட்டின் தலைநகரம் எது. டீச்சர் கேட்க வேண்டும், பிள்ளை புத்தகத்தில் உள்ள வரியை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். எத்தனை தலைநகரம் ஒப்பிக்கிறான் என்பதை வைத்துத்தான் கெட்டிக்காரன் யார் என்று முடிவாகும். நம் ஊரில் இது ஏதோ பழங்கதை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

குக் கவுண்ட்டி பள்ளியில் அப்போது முதல்வராக இருந்தவர் பிரான்சிஸ் பார்க்கர். உள்நாட்டுப் போரில் கர்னலாக இருந்து, அப்புறம் ஆசிரியப் பணிக்குத் திரும்பியவர். அமெரிக்க முற்போக்குக் கல்வியின் தந்தை என்று கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி இவரைத்தான் சொன்னார். பார்க்கரின் பள்ளியில் பிள்ளைகள் மணலைக் குவித்து மலையும் பள்ளத்தாக்கும் செய்தார்கள், வெளியே நடந்துபோய் நிலத்தைப் பார்த்தார்கள், பார்த்ததை வரைந்தார்கள். பேபர் இந்தப் பட்டறையில் உருவானவர். ஆனால் பார்க்கரின் நிழலில் நின்ற சிஷ்யை என்று சுருக்கிவிடாதீர்கள். அவர் செய்த ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1896ல் ஒரு பள்ளி மேசைக்குக் காப்புரிமை வாங்கினார். புவியியலும் அதைச் சார்ந்த அறிவியலும் கையால் செய்து படிப்பதற்கென்றே வடிவமைத்த மேசை.

மேசைக்கு எதற்குக் காப்புரிமை என்று கேட்பவர்கள் எங்கள் வகுப்புக்கு ஒருநாள் வர வேண்டும். சமஉயரக் கோடு, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு, பாடம் எடுக்கும்போது நான் செய்வது இது. ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் களிமண்ணில் ஒரு குன்று பிடிப்போம். ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. ஒரு விரற்கடை தண்ணீர் ஊற்றி, தண்ணீர் தொடும் இடத்தில் குன்றைச் சுற்றிக் குச்சியால் ஒரு கோடு கீற வேண்டும். மறுபடி ஒரு விரற்கடை, மறுபடி கோடு. கடைசியில் தண்ணீரை வடித்துவிட்டு, தொட்டிக்கு நேர் மேலே தலையை நீட்டிப் பார்க்கச் சொல்வேன். செங்குத்துப் பக்கத்தில் கோடுகள் நெருங்கிக் கிடக்கும், சரிவுப் பக்கத்தில் அகன்று கிடக்கும். அட்லஸில் நெருக்கமாகக் கோடு போட்டிருப்பது ஏன் என்று அதற்கப்புறம் ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை. ஆனால் எங்கள் பெஞ்சுகளின் மேற்பலகை சாய்வானது. தொட்டி வழுக்கும், தண்ணீர் முன்னால் இருப்பவள் பாவாடையில் கொட்டும், களிமண் கையோடு நோட்டைத் தொட்டால் நோட்டு பாழ். எல்லாவற்றையும் தரையில் வைத்துத்தான் செய்கிறோம். எழுதவும் ஒப்பிக்கவும் மட்டும் செய்த மேசை அது, பிள்ளையிடம் வேறெதையும் எதிர்பார்க்காத மேசை. பேபருக்கு இது புரிந்திருந்தது. பாடமுறையை மாற்ற வேண்டும் என்று பேசியவர்கள் ஏராளம். மரவேலை வரை இறங்கி யோசித்தவர் இவர்.

ஆகஸ்ட் 10, பிற்பகல்

இடையில் ஒருவர் "அப்போ இவர்தான் முதல் பெண் புவியியல் ஆசிரியையா" என்று கேட்டிருக்கிறார். இல்லை. எம்மா வில்லர்டு (1787–1870) இவருக்கு இரண்டு தலைமுறை மூத்தவர். 1821ல் நியூயார்க் மாநிலம் ட்ராய் ஊரில் பெண்களுக்கான உயர்கல்விப் பள்ளியைத் தொடங்கி, கணிதம், அறிவியலோடு புவியியலையும் வைத்தவர், பாடப்புத்தகமும் எழுதியவர். முன்னோடி என்று ஒருவரைச் சொன்னால் அவருக்கு முன்னால் யாருமே இல்லை என்று ஆகிவிடாது.

ஆகஸ்ட் 12

பட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதைச் சொன்னால்தான் அந்தக் காலம் புரியும்.

பேபர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இளம் அறிவியல் பட்டம் வாங்கியது 1904ல். அப்போது அவருக்கு 42 வயது நெருங்கிக்கொண்டிருந்தது, அதே பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியராக ஏற்கெனவே பாடம் எடுத்துக்கொண்டும் இருந்தார். அதாவது காலையில் கற்பித்தார், அதே வளாகத்தில் மாணவியாகவும் உட்கார்ந்தார். 1895லேயே, பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் புவியமைப்பியல் வகுப்பில் அவர் இருந்தார். பாறை, படிவு, பனியாறு என்று வெளியே போய்ப் பார்க்க வேண்டிய பாடம் அது. ஆண்களோடு பெண்கள் களத்துக்குப் போவதா என்று தயங்கிய காலம்.

அதே தலைமுறையில் எலன் செர்ச்சில் செம்பிள். கெண்டக்கிக்காரர், 1863ல் பிறந்தவர். ஜெர்மனியில் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் புவியியல் அறிஞர் ஃப்ரீட்ரிஷ் ராட்ஸெலிடம் படிக்கப் போனார். வகுப்பில் உட்காரலாம், பெண் என்பதால் பதிவு கிடையாது, பட்டமும் கிடையாது. 1904ல் அமெரிக்கப் புவியியலாளர் சங்கம் தொடங்கியபோது நிறுவிய 48 பேரில் பெண்கள் இரண்டே பேர்: செம்பிள், அப்புறம் ஹைடல்பெர்கில் முனைவர் பட்டம் பெற்ற மார்த்தா க்ரூக் கென்தே. பேபர் அந்தப் பட்டியலில் இல்லை. சிகாகோவில் அதற்கு ஆறு வருடம் முன்பே ஒரு புவியியல் சங்கம் எழக் காரணமாக இருந்தவர் அவர்.

செம்பிள் 1921ல் அமெரிக்கப் புவியியலாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவர் ஆனார். நிறைய பேருக்கு அவரைத் தெரியும், பேபரைத் தெரியாது. காரணம் சிக்கலானது ஒன்றும் இல்லை. செம்பிள் தடித்தடியாகப் புத்தகம் எழுதினார், புத்தகம் அலமாரியில் நிற்கும். பேபர் டீச்சர்களை உருவாக்கினார். அந்த டீச்சர்கள் பல ஊர்களுக்குப் போய், பாடம் நடத்தி, ஓய்வுபெற்று, போய்ச் சேர்ந்தார்கள்.

ஆகஸ்ட் 12, இரவு

சிகாகோ புவியியல் சங்கம் என்றால் மாதத்துக்கு ஒரு சொற்பொழிவு, டீ, பிஸ்கட் என்று நினைத்துவிட வேண்டாம். பேபர் 1900லிருந்து 1904 வரை அதன் தலைவர். அந்தக் காலத்தில் 1901ல் சங்கம் வெளியிட்டதுதான் தாவரவியலாளர் ஹென்றி கௌல்ஸ் எழுதிய சிகாகோ சுற்றுவட்டாரத் தாவரக் கூட்டங்கள் பற்றிய ஆய்வு. மிச்சிகன் ஏரியின் தென்கரையில் மணல்மேடுகள் இருக்கின்றன. கரையிலிருந்து உள்ளே நடந்தால் முதலில் வெறும் மணல், அப்புறம் மணலைப் பிடித்து நிறுத்தும் புல், அப்புறம் பைன், அதையும் தாண்டினால் ஓக் காடு. உள்ளே போகப் போக மணல்மேட்டுக்கு வயசு கூடுகிறது. ஒரு காடு எப்படி உருவாகிறது என்பதை அரைநாள் நடையில் கண்ணால் பார்த்துவிடலாம். சூழலியலில் தாவர வழிமுறை வளர்ச்சி என்று நாம் பன்னிரண்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அந்தக் கருத்து வேர்பிடித்த இடங்களில் இதுவும் ஒன்று. ரயில் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் சிகாகோ பிள்ளைகளுக்கு அது இருந்தது.

ஆகஸ்ட் 13

நேற்று செம்பிளைப் புத்தகக்காரர் என்று சொல்லி நிறுத்திவிட்டேன், ராத்திரி முழுக்க அதுதான் மனசில் ஓடியது. அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னால்தான் பேபர் எங்கே நிற்கிறார் என்று தெரியும்.

செம்பிள் சோம்பேறிப் புலவர் அல்லர். கெண்டக்கி மலைகளில் குதிரைமேல் சுற்றி, அங்கே உள்ள மக்களைப் பார்த்து 1901ல் எழுதிய கட்டுரை இன்றைக்கும் படிக்கத் தக்கது. ஆனால் 1911ல் வந்த பெரிய புத்தகத்தில் மனிதன் நிலப்பரப்பின் விளைபொருள் என்றுதான் ஆரம்பிக்கிறார். நிலமும் வானிலையும் மனிதர்களை ஆக்குகின்றன என்பதுதான் அதன் அடிப்படை, வெப்பநாட்டுக்காரர்கள் தளர்ந்துபோகிறவர்கள் என்ற பேச்சும் அதோடு வரும். வெப்பநாட்டில் நின்றுகொண்டு, மே மாத வெயிலில் தார் ஊற்றும் ஆட்களைப் பார்த்தபடி பள்ளிக்குப் போகிற நான் அதை எப்படிப் படிப்பேன்? அவர் காலத்துப் பெரிய அறிஞர்கள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள், அவர் ஒருவரை மட்டும் நிறுத்திக் கேள்வி கேட்பது நியாயம் இல்லை. ஆனாலும் அந்தச் சிந்தனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு மக்கள் ஏழையாக இருப்பதற்கு அவர்கள் நாட்டு வெயில்தான் காரணம் என்று முடிவு செய்துவிட்டால், அவர்களை யார் சுரண்டினார்கள் என்ற கேள்வியே எழாது.

பேபர் இதற்கு எதிராகத் தனியாகக் கோட்பாடு எழுதவில்லை. போய்ப் பார்த்தார்.

ஆகஸ்ட் 15

இன்றைக்குப் பள்ளியில் கொடியேற்றம் முடிந்து வந்ததும் இதை எழுதுகிறேன். ஹைட்டி.

1804ல் அடிமைகள் எழுந்து, பிரெஞ்சுக்காரர்களை விரட்டி, அமைத்த கரீபியன் நாடு. 1915ல் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் அங்கே இறங்கினார்கள். அதிபர் கொல்லப்பட்டுக் குழப்பமாக இருந்தது, ஒழுங்கை நிலைநாட்டப் போகிறோம் என்று காரணம் சொன்னார்கள். 1934 வரை வெளியேறவில்லை. சுங்க வருமானம் அமெரிக்கர் கையில். வெளிநாட்டார் நிலம் வாங்கக் கூடாது என்று விடுதலைக் காலத்திலிருந்தே சட்டம் இருந்தது, 1918ல் வந்த புதிய அரசியல் சாசனத்தில் அது போய்விட்டது. சாலை போட விவசாயிகளைக் கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். எதிர்த்துக் கிளம்பிய சார்லமேன் பெரால்ட் 1919ல் கொல்லப்பட்டார்.

அமெரிக்காவுக்குள் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் சாலை போட்டுக் கொடுத்தோம், ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்தோம் என்பார்கள். ஹைட்டிக்காரர்களுக்கு ஆளத் தெரியாது என்பார்கள். இது நமக்குப் புதிய வாதமா? ரயில் விட்டது யார் என்று நம் காதுகள் கேட்காததா?

1926ல் அமைதிக்கும் விடுதலைக்குமான மகளிர் பன்னாட்டு அமைப்பின் சார்பில் ஒரு சிறு குழு ஹைட்டிக்குப் போனது. தலைமை எமிலி கிரீன் பால்ச். முதல் உலகப் போரை எதிர்த்ததற்காகக் கல்லூரி வேலையை இழந்தவர், 1946ல் நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். குழுவில் ஸோனியா பேபர், ஆடி ஹன்டன், சார்லட் அட்வுட், பிற்காலத்தில் செனட்டரான பால் டக்ளஸ் என்று சிலர். ஹன்டனும் அட்வுட்டும் கறுப்பினப் பெண்கள். ஆக்கிரமித்த நாட்டின் பெண்கள், வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து, ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டில் மக்களிடம் நேரில் கேட்கப் போகிறார்கள். பேபருக்கு அப்போது 60 தாண்டிவிட்டது, பல்கலைக்கழக வேலையிலிருந்து விலகி ஐந்து வருடம் ஆகிவிட்டது.

1927ல் பால்ச் தொகுத்து அறிக்கை புத்தகமாக வந்தது. ஹைட்டியை ஹைட்டிக்காரர்களே ஆளும்படி விட்டுவிட வேண்டும் என்பதுதான் அதன் முடிவு. அடுத்த நாளே யாரும் கப்பல் ஏறவில்லை, இன்னும் ஏழு வருடம் ஆனது.

தம்பி, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். மணலில் மலை செய்யச் சொன்ன டீச்சரும் ஹைட்டியின் தலைநகரம் போர்ட்-ஓ-பிரின்ஸில் போய் இறங்கிய டீச்சரும் ஒரே ஆள்தான். புத்தகத்தில் இருப்பதை ஒப்பிக்காதே, போய்ப் பார், பார்த்ததைச் சொல் என்று முப்பது வருடமாகப் பிள்ளைகளிடம் சொன்னவருக்குத் தன் நாட்டு அரசு சொல்வதை மட்டும் ஒப்பித்துவிட்டு இருக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 15, மாலை

அமெரிக்காவின் ஆளுகையில் உள்ள கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1917ல் அந்தத் தீவு மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை தந்தார்கள். 1920ல் அமெரிக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தபோது தீவின் பெண்களுக்கு வரவில்லை. பேபர் அவர்கள் பக்கம் நின்றார். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கு 1929ல் கிடைத்தது, எல்லாப் பெண்களுக்கும் 1935ல்.

ஆகஸ்ட் 17

ஒருவர் எழுதியிருக்கிறார்: "தொலைதூர நாட்டுக்குப் போய் நியாயம் பேசுவது சுலபம், சொந்த ஊரில் என்ன செய்தார்?" நல்ல கேள்வி. நானும் இப்படித்தான் கேட்டிருப்பேன்.

சொந்த ஊர் சிகாகோ. 1919 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். மிச்சிகன் ஏரியில் 29ஆம் தெருக் கரையில் வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் ஒரு பக்கம் குளிப்பார்கள். சட்டத்தில் அப்படி ஒரு எல்லை கிடையாது, ஊரே மனசில் வைத்திருந்த எல்லை. யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுப் பையன் மிதவையில் போகும்போது அந்த எல்லையைத் தாண்டிவிட்டான். ஒரு வெள்ளைக்காரன் கல்லை விட்டெறிந்தான், பையன் மூழ்கிச் செத்தான். கல் எறிந்தவனைக் கைது செய்யப் போலீஸ்காரர் மறுத்தார். கலவரம் மூண்டு 38 பேர் இறந்தார்கள், அதில் 23 பேர் கறுப்பர்.

எந்த நிலவரைபடத்திலும் இல்லாத கோடு அது, அதுவும் தண்ணீரில். ஆனால் அந்த ஊர்ப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். பதினோராம் வகுப்பில் எல்லைகள் பாடம் வரும்போது இயற்கை எல்லை, செயற்கை எல்லை என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இந்தச் சம்பவத்தையும் சொல்வேன். வகுப்பு அப்படியே அமைதியாகும். எங்கள் பிள்ளைகளுக்கு இது ஏன் உடனே புரிகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஊருக்குள் எந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாத்தா நடந்தார் என்பது அவர்களுக்கு வீட்டில் சொல்லித் தெரியும்.

இப்படிப்பட்ட ஊரில் பேபர், கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் சிகாகோ கிளையில் செயற்குழுவில் இருந்தார். சிகாகோ மகளிர் மன்றத்தில் இன உறவுக் குழுவுக்குத் தலைமை வகித்தார். அந்த மன்றத்தின் நிலைமையைச் சொல்ல ஒன்று போதும்: 1894ல் ஃபேனி பேரியர் வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணைச் சேர்க்கலாமா என்று ஆரம்பித்த சண்டை முடிந்து அவர் உள்ளே வர ஒரு வருடத்துக்கும் மேல் பிடித்தது.

ஆகஸ்ட் 18

களப்பயணத்துக்கு அனுமதி வாங்குவது பற்றி மூன்று நான்கு பேர் புலம்பியிருக்கிறீர்கள். எனக்கும் தெரியும். முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், நடந்தே போய்வரும் தூரத்தில் இருக்கும் ஏரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகக் கேட்டேன். "சிலபஸில் இருக்கிறதா, போர்ஷன் முடிந்ததா" என்று கேட்டு மனுவைத் திருப்பித் தந்தார்கள். அடுத்த வருடம் சனிக்கிழமையில், பெற்றோர் இரண்டு பேரையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு போனோம்.

மதகுக்குப் பக்கத்தில் நின்று, ஏரியில் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் கேட்டேன். ஆளுக்கு ஒரு திசை காட்டினார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து எப்போதும் வாயே திறக்காத ஒரு பெண்தான், கரை அந்தப் பக்கம் இல்லை மிஸ், அப்போ மேடு அங்கேதானே என்றாள். ஏரியின் கரை ஏன் வளையம்போலச் சுற்றி வராமல் பள்ளத்துப் பக்கம் மட்டும் வளைந்து நிற்கிறது என்பதை அவளே மற்றவர்களுக்கு விளக்கினாள். கலிங்கு வழியாக வழிகிற தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும் என்று அவள் அப்பா சொல்லியிருந்தாராம், அதையும் சொன்னாள். தேர்வில் மேப் கேள்விக்கு அவள் எப்போதும் பாதி மதிப்பெண்தான் வாங்குவாள்.

பேபரின் கல்விக் கட்டுரைகளில் 1904ல் வந்த புவியியலின் எல்லை பற்றிய கட்டுரையும், 1916ல் வந்த, புவியியல் கற்பிப்பதில் நாம் தவறவிடும் வாய்ப்புகள் பற்றிய கட்டுரையும் முக்கியமானவை. இரண்டாவதன் தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண் ஞாபகம்தான்.

ஆகஸ்ட் 20

கடைசிக் காலத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. 1948ல் சிகாகோ புவியியல் சங்கம் தன் 50ஆம் ஆண்டில் பேபருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அதே வருடம் அவருடைய அமைதிச் சின்னங்கள் என்ற சிறு நூல் வந்தது. உலகம் முழுக்கப் போர் வெற்றிக்கும் தளபதிகளுக்கும் சிலை இருக்கிறது, சமாதானத்துக்கு என்ன இருக்கிறது என்று தேடித் தொகுத்த நூல். அர்ஜென்டினாவும் சிலியும் எல்லைத் தகராறைப் பேசித் தீர்த்துக்கொண்டு, பீரங்கி வெண்கலத்தை உருக்கி, 1904ல் ஆண்டிஸ் கணவாயில் நிறுத்திய கிறிஸ்து சிலை இந்த வகைச் சின்னங்களில் பெயர்பெற்றது. இரண்டாவது உலகப் போர் முடிந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது, அந்த அம்மாவுக்கு வயது 85 தாண்டியிருந்தது. எல்லைக் கோடுகளை வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குக் காட்டியவர், அந்தக் கோட்டின்மேல் ராணுவம் அல்லாத வேறு என்னென்ன நிற்கிறது என்று அந்த வயதிலும் குறித்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 20, இரவு

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று கேட்ட தங்கைக்கு: டீச்சராக இருந்தால் 1904 கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் 1927 ஹைட்டி அறிக்கை. அதைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு கரீபியன் வரைபடம் இருக்கட்டும்.

காப்புரிமை மேசையின் படத்தை எங்கள் ஊர்த் தச்சரிடம் காட்டினேன். சாய்வுப் பலகையை எடுத்துவிட்டு மட்டமான பலகையும், விளிம்பில் ஒரு அங்குலச் சட்டமும் வைத்தால் தொட்டி வழுக்காது, செலவும் பெரிதாக வராது என்கிறார். பழைய பெஞ்சு ஒன்றைக் கொடுத்திருக்கிறேன்.